மூணாம் நாள் பால்

— கர்த்தாவே! டேய் சசி, இயேசுவோட கல்லறைக்கு எவன்டா பால் சொம்பு எடுத்துட்டுப் போவான்?

— எவன் இல்ல சோனியாக்கா. மூணு பொம்பளைங்க. செத்த மூணாம் நாளு பால் ஊத்தாம வேற இன்னாத்துக்குப் போவாங்க?

— வாசனைத் தைலம் பூசடா! பைபிள்ல அப்படித்தான் இருக்கு.

— எங்க பழவேற்காட்டுப் பக்கம் பால்தான்.

— இயேசு உங்க பழவேற்காட்டு ஆளா?

— நீதானக்கா சொன்ன? கும்மிடிப்பூண்டி ட்ரெயின்ல கம்பெனிக்குப் போறவங்க காதுல ஹெட்போன் மாட்டிக்கினு கேக்கணும், இயேசு கதைய நம்ம ஊரு கதையா எழுதுன்னு. பேதுரு எறா புடிச்சப்போ சிரிச்ச. கானாவூர் கல்யாணத்துல தண்ணி பன்னீர் சோடாவா மாறினப்போ ஏப்பமே உட்ட!

— அது காமெடி. இது உயிர்த்தெழுற இடம்டா. எங்க பாஸ்டர் கேட்டா என்னைக் கல்லறையில வெச்சு மூடிருவாரு. பாலை வெட்டு.

— வெட்டுனா வேற ஆளப் பாத்துக்க.

— கடைசி எபிசோடுலயா? உன் கம்பெனி ஃபர்னஸ் சூடு மண்டைக்கு ஏறிடுச்சா? ஒரு சொம்புப் பாலுக்கு இவ்ளோ வீம்பா? ... என்னடா, மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?

— எந்தம்பி விமலு...

— தெரியும்டா. கடலுக்குப் போன படகு திரும்பலை.

— ஆளும் கெடைக்கல. கரையிலயாச்சும் பால் ஊத்திடலாம்னு ஊரே சொல்லிச்சு. அம்மா மாட்டேன்னுடுச்சு. "ஊத்துனா, எம்புள்ள செத்துட்டான்னு நானே சொன்னா மாரி ஆயிடும்"னுச்சு. பால்னு பேச்செடுத்தவனுக்கு தொடப்பக்கட்டதான். எங்க ஊட்ல அன்னிலேர்ந்து பாலே இல்லாத வரடீதான்க்கா.

— ஐயோ! அம்மா நம்ம கதையைக் கேக்குறாங்களா?

— மீன் ஆய்ஞ்சிக்கினே கேக்கும். ஒரு எபிசோடு உடாது. யூதாசத் திட்டுற திட்டுல பக்கத்து ஊட்டு நாயி வாலச் சுருட்டிக்கும்.

— அப்போ நீயேதானடா வெட்டணும்? பெத்த மனசு தாங்குமா? கல் நெஞ்சுக்காரா, எப்படிடா இதை எழுதுன?

— நான் எங்கக்கா எழுதுனேன்? நான் தைலம்னுதான் எழுதிட்டு அம்மாவுக்குப் படிச்சுக் காட்டுனேன். ஆய்ஞ்சிக்கினு இருந்த மீன கீழ வெச்சிச்சு. அப்புறமா, "அந்தப் பொம்பளைங்க பாலோடயே போவட்டும்டா. ஊத்தறதா வேணாமான்னு அங்க போயி பாத்துக்கட்டும்"னுச்சு. நாளைக்கு விடிய வண்டி எடுக்கச் சொல்லிக்கீதுக்கா, கரைக்கு.