அமைதியாக இருந்த செல்கள்

என் பெயர் எம்பேயு சாரோ. வயது நாற்பத்து நான்கு. மொம்பாசா நகரத்தின் லிக்கோனிப் பகுதியில் வசிக்கிறேன். பல்கலைக்கழகத்தில் செல் உயிரியல் கற்பிக்கிறேன். பழைய பேட்டரிகளை உருக்கி ஈயம் எடுக்கும் ஆலையின் தொழிலாளர்களை உலையடியிலிருந்து வெளியேற்றக் கோரும் வழக்கில் சாட்சியாக இதைச் சொல்கிறேன்.

டாமா கட்டானா என்ற பெண் அந்த ஆலையில் உலையடியில் வேலை செய்துவந்தார். சென்ற மார்ச் மாதம் ஆலை மருத்துவர் தொழிலாளர்கள் எல்லோருடைய இரத்தத்தையும் சோதித்தார். ஈயம், ஆர்செனிக் போன்ற நஞ்சு தாக்கும்போது மனித செல்கள் தங்களைக் காத்துக்கொள்ள ஒரு புரதத்தை மிகுதியாக உண்டாக்கும். அந்தப் புரதம் கூடியிருந்தவர்களுக்குச் சம்பளத்துடன் விடுப்பு கொடுத்துவிட்டு, கூடியிராதவர்களை நலமானவர்கள் என்று மீண்டும் உலைக்கு அனுப்பினார்கள். டாமாவுக்குக் கூடவில்லை. அன்று அவர் வாசலில் நின்றவர்களுக்கெல்லாம் மஹம்ரி ரொட்டி வாங்கிக் கொடுத்தாராம்.

அதன் பிறகு டாமாவுக்குக் கை நடுங்கத் தொடங்கி, சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியாமல் போகவே, தொழிற்சங்கத்தார் அவரை என்னிடம் அழைத்து வந்தார்கள். சூடுபட்டாலும் செல்கள் அதே புரதத்தை உண்டாக்கும் என்பதால், நான் அவருடைய இரத்தத்தின் வெள்ளை அணுக்களையும் ஆலைக்குச் சம்பந்தமில்லாத சிலரின் அணுக்களையும் ஒரே அளவு சூடாக்கினேன். மற்றவர்களின் அணுக்கள் அந்தப் புரதத்தை உண்டாக்கின. டாமாவின் அணுக்கள் உண்டாக்கவில்லை. நெடுநாள் நஞ்சில் கிடந்து அவை எதிர்க்கும் திறனை இழந்துவிட்டன என்பது என் முடிவு.

இதைச் சொன்னபோது டாமா, "அப்போ என் செல்லும் என் புருஷன் மாதிரிதான். வீடு பத்தி எரிஞ்சாலும் எழுந்திருக்காது, அப்படித்தானே டாக்டரம்மா?" என்று சிரித்தார். பிறகு, "நான் பாஸுன்னாங்களே" என்றார்.

அதன் பிறகு நான் ஆலை மருத்துவரைப் பார்த்து விவரம் சொன்னேன். அவர், "மேடம், பாதிப் பேரை ஏற்கெனவே வீட்டுக்கு அனுப்பிட்டேன். இவங்களையும் அனுப்பிட்டு உலைல யாரை நிறுத்தறது, உங்களையா?" என்றார்.

டாமா இப்போது மருத்துவமனையில் இருக்கிறார். அவருடைய அணுக்கள் பழைய நிலைக்குத் திரும்புமா என்று வழக்கறிஞர் கேட்டார். எனக்குத் தெரியாது. அவருடன் ஆலைச் சோதனையில் தேறியவர்களில் யார் உண்மையில் நலம், யார் டாமாவைப் போல என்பதையும் சூடாக்கிப் பார்க்காமல் சொல்ல முடியாது. ஆனால் எதிர்க்கத் தெம்புள்ள உடம்புகள் வீட்டில் இருக்கின்றன. தெம்பு இழந்திருக்கக்கூடிய உடம்புகளைத்தான் உலையடியில் நிறுத்தியிருக்கிறார்கள். அந்தத் தொழிலாளர்கள் இன்றும் வேலைக்குப் போயிருக்கிறார்கள்.

இதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே, உண்மையாக எழுதப்பட்டிருக்கிறது.

(ஒப்பம்) எம்பேயு சாரோ