அந்த வாரத்து முன்னேற்றம்

வெள்ளிக்கிழமை மாலை என்றால் என் கை தானாகவே பேனாவைத் தேடும். இன்றும் வெள்ளிதான். அதனால் நடந்ததையெல்லாம் எழுதித் தரச் சொன்னது எனக்குச் சிரமமாக இல்லை. நீங்கள் கொடுத்த பேனாதான் கொஞ்சம் மக்கர் பண்ணுகிறது.

வாராவாரம் முன்னேற்ற அறிக்கை எழுதுவது என் வேலை. எங்களுடையது பிளாக்செயின் நெட்வொர்க். முதலாளி, தலைமையகம் என்று எதுவும் கிடையாது. எங்கெங்கோ யார் யார் வீட்டிலோ இருக்கும் கணினிகள் எல்லாம் ஒரே பதிவை வைத்திருக்கும். அதில் ஏறியதை யாராலும் அழிக்க முடியாது. புதிதாக ஒரு கணினி சேர்ந்தால், முதல் வரியிலிருந்து எல்லாவற்றையும் படியெடுத்துக்கொண்ட பிறகுதான் மறுவேலை.

இதைக் கட்டியவர்கள் ஐந்து பேர். உயிரோடு இருக்கும் அத்தனை பேரும் சம்மதித்தால்தான் எதுவும் நடக்கும். ஐவரில் நான் கடைக்குட்டி, மூத்தவர் தாடி அண்ணன். அவர் தாடி வைத்து நான் பார்த்ததே இல்லை. எப்போதோ வைத்திருந்தாராம், பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அவர் வீட்டில் எனக்கென்று ஒரு தட்டு உண்டு. அண்ணி அதில் வேறு யாருக்கும் பரிமாறியதில்லை.

திறப்பு நாளை ஊரறிய அறிவித்தவன் நான். மாதக்கணக்கில் ‘எல்லாம் திட்டப்படி நடக்கிறது’ என்று எழுதி வந்தவனும் நான்தான். முகம் தெரியாத எத்தனையோ பேர் என் சொல்லை நம்பிக் காத்திருந்தார்கள். அப்போது பார்த்து அண்ணன் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தார். ஒருவர் கணக்கில் இன்னொருவர் கைவைக்கலாம், அவ்வளவு பெரிய ஓட்டை. அடைக்க அரை வருடமாகும், அதுவரை கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். நானும் கெஞ்சிப் பார்த்தேன்.

“வாக்குக் குடுத்தது நீ. தப்புன்னு தெரிஞ்சும் நான் எப்படிடா கையெழுத்துப் போடுறது?” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு வலித்தது.

நாங்கள் ஐவரும் வேலை பார்த்த அலுவலகத்தில் கணினி அறை அடித்தளத்தில் இருக்கிறது. அங்கே செல்போன் எடுக்காது. தீப்பிடித்தால் அணைக்கத் தண்ணீருக்குப் பதில் வாயு வைத்திருக்கிறோம். அது அறையில் உள்ள காற்றை விரட்டி நெருப்பை அடக்கிவிடும். கதவின் உள்பக்கக் கைப்பிடி கழன்று கிடந்தது. தச்சர் வந்தார், இன்னொரு நாள் வரச் சொல்லி அனுப்பிவிட்டேன். சிலிண்டரைப் பார்க்க வந்த மெக்கானிக், வால்வு கசிகிறது, மாற்றும்வரை யாரையும் உள்ளே விடாதீர்கள் என்று சொல்லி, கதவில் ஓர் எச்சரிக்கைத் தாளும் ஒட்டிவிட்டுப் போனார். அவர் ஒட்டியது கோணலாக இருந்தது. நான் அதை எடுத்து மடித்து என் மேஜை இழுப்பறையில் வைத்தேன்.

மறுநாள் மதியம் அண்ணனிடம், “அண்ணே, கீழ ஒரு மிஷின் நின்னுபோச்சு. ஒரு எட்டு பாத்துட்டு வந்துடுங்களேன்” என்றேன். பிரித்த சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டு எழுந்து போனார். அந்தக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும்.

எந்த மிஷினும் நிற்கவில்லை. நின்றிருந்தால் அதிலிருந்தே அவர் எனக்குச் செய்தி அனுப்பியிருக்க முடியாது.

எங்கள் நெட்வொர்க்கில் ஒவ்வொரு பரிமாற்றத்தோடும் சின்னதாக ஒரு குறிப்பு எழுதலாம். அந்த அறையிலிருந்து வெளியே பேச இருந்த ஒரே வழி அது. “கதவைத் திற. காஸ் கசியுது. மூச்சு முட்டுது” என்று என் திரையில் வந்தது. கீழே தட்டும் சத்தமும் கேட்டது. நான் அறிக்கையில் பாதிப் பத்தியில் இருந்தேன். ‘சோதனைச் செய்தி ஒன்று எல்லாக் கணினிகளுக்கும் பிழையின்றிப் போய்ச் சேர்ந்தது’ என்று எழுதினேன். அதில் பொய் எதுவும் இல்லை. அந்த வாரத்து முன்னேற்றம் அதுதான்.

விபத்து என்றார்கள். மீதி நால்வரும் கையெழுத்துப் போட்டோம். சொன்ன நாளில் நெட்வொர்க் திறந்தது.

என் மேஜைக்கு எதிரே ஒரு வரைபடம் இருக்கிறது. புதுக் கணினி சேர்ந்தால் அதில் ஒரு நீலப் புள்ளி எரியும். எரியும்போதெல்லாம் இன்னொரு வீட்டுக்கு அந்த வரியும் போய்ச் சேர்கிறது. கதவைத் திற. ஆரம்பத்தில் ஒன்றிரண்டாக எரிந்தது, பிறகு சரமாரியாக எரிய ஆரம்பித்தது. நல்ல வளர்ச்சி என்று எல்லோரும் முதுகில் தட்டினார்கள். யாராவது தட்டினாலே எனக்குத் தூக்கிவாரிப் போடும். வீட்டில் எந்தக் கதவையும் சாத்த விடுவதில்லை. குளியலறையில் குழாய் சொட்டினாலும் எழுந்து போய் வாசல் கதவைத் திறந்து பார்ப்பேன். பயந்துதான் கிடந்தேன், அதை மறைப்பானேன். ஆனால் பதிவில் ஏறுகிற ஆயிரம் வரிகளை யார் உட்கார்ந்து படிக்கப்போகிறார்கள் என்று ஒரு தைரியமும் இருந்தது.

அண்ணி படிப்பாள் என்று நான் நினைக்கவில்லை. அவர் கட்டியது நம் வீட்டிலும் ஓடட்டும் என்று, அவருடைய பழைய கணினியையே நெட்வொர்க்கில் சேர்த்திருக்கிறாள். எங்கள் ஊரிலேயே ஒரு புள்ளி எரிந்தபோது நான் வாழ்த்துக்கூட அனுப்பினேன். அவள் அவர் எழுதியவற்றை மட்டும் தேடித் தேடிப் படித்திருக்கிறாள். புருஷன் போன பிறகு அவர் குரல் மாதிரி அவளுக்கு மிஞ்சியது அதுதானே.

ஒரு காலையில் அலுவலகத்துக்கு வந்தாள். அழவில்லை.

“அவரு கடைசியா எழுதுனதப் படிச்சேன் தம்பி. அதுக்குக் கீழ நீ எழுதுனதையும் படிச்சேன்” என்றாள். பிறகு நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டாள்.

நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பதும் அந்த வரியைத்தான். ஏன் எழுதினேன் என்றால், அண்ணன் சீக்கிரம் பதறிப்போகிற ஆள். தனியாகக் கிடக்கிறோம் என்று அவர் நினைக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. “இதோ வர்றேன் அண்ணே” என்று பதில் போட்டேன். அதன் பிறகு அவர் தட்டவில்லை. என்னை நம்பியிருக்கிறார்.

அறிக்கையை முடித்தேன், பிழை பார்த்தேன், அனுப்பினேன், கீழே இறங்கிப் போய்க் கதவைத் திறந்தேன். கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் என் கால்மேல் சரிந்தார். அண்ணியிடம் இதை மட்டும் சொல்லிவிடுங்கள். வருகிறேன் என்று சொன்னேன், போனேன். சொன்ன சொல்லை நான் ஒருநாளும் மீறியதில்லை.