சூடாக வெட்டிய பாண்

பாணைச் சூட்டோடு வெட்டக் கூடாது. பலருக்கு இது தெரிவதில்லை. மேலே நன்றாக வெந்து சிவந்திருந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். ஆறும்போதுதான் அது அடங்கும். அவசரப்பட்டு வெட்டினால் கத்தியில் ஒட்டும். விரலில் உருட்டினால் திரும்பவும் மாவாகிவிடும். சில வருடங்களாக வீட்டிலேயே பாண் போடுகிறவள் நான். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், மிஸ். தெரியாமல் நடந்துவிட்டது என்று பிறகு யாரும் எனக்காகப் பேசக் கூடாது.

தமிழ் தெரிந்த ஒருவர் வரும்வரை ஸ்டேஷனிலேயே காத்திருக்கச் சொன்னார்கள். நீங்கள் வரும்வரை பக்கத்து அறையில் புஷ்பம் இருமுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவளை வீட்டுக்கு அனுப்பத்தான் வந்தேன். போன கிழமை இங்கே நான் கொடுத்த வாக்குமூலத்தில், என் மாமியாருக்குப் பாண் ஊட்டியது புஷ்பம், அது அவளாகச் செய்தது, எனக்கு எதுவும் தெரியாது என்று சொல்லியிருந்தேன். ஊட்டியது அவள்தான். மற்றது பொய்.

எங்களுக்குப் பதுளை பஜாரில் பாத்திரக் கடை. கடைக்கு மேலேயே வீடு. பாண் போடும் மெஷினை என் மகள் கம்சலா லண்டனிலிருந்து அனுப்பினாள். தண்ணீர், உப்பு, சீனி, அதன்மேல் மா, மாவின் நடுவே சின்னக் குழி பறித்து ஈஸ்ட். மூடிவிட்டால் அதுவே பிசையும், பொங்க விடும், சுடும். மூடியில் ஒரு கண்ணாடி இருக்கிறது. நான் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். முதலில் போட்ட பாண்கள் பொங்கி, நடுவில் அமுங்கிப் போயின. லண்டன் அளவு இந்த மலைக்குச் சரிவரவில்லை. ஈஸ்ட்டைக் குறைத்துக் குறைத்துப் பார்த்து நானாகவே அளவைக் கண்டுபிடித்தேன். என் வாழ்க்கையில் நானாகக் கண்டுபிடித்தது அது ஒன்றுதான்.

மாமியார் தனலெட்சுமி அதைத் தொடவே மாட்டார். அவருக்குக் கரை முறுகிய ரோஸ் பாண் வேண்டும், பேக்கரியிலிருந்து. பால் விடாத பிளேன்டியில் தோய்த்துச் சாப்பிடுவார்.

"மிஷினு பெசையுது, மிஷினு சுடுது. நம்ம மருமக என்னா செய்றான்னு கேக்குறீங்களா? கண்ணாடி வழியா எட்டிப் பாக்குறா" என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வார். "குழி விழுந்திருக்கா, விடு. கார்த்திகைக்கு அதுல ஒரு வெளக்கு வச்சிரலாம்."

எல்லோரும் சிரிப்பார்கள். என் கணவர் வீரசிங்கமும் சிரிப்பார். நானும் சிரித்தேன். முப்பது வருடத்துக்குக் கிட்டே அப்படிச் சிரித்திருக்கிறேன். அவர் கொடுமைக்காரி இல்லை, மிஸ். என்னை ஒருநாளும் பட்டினி போட்டதில்லை, கை நீட்டியதில்லை. அவர் இருக்கும் அறையில் எனக்கென்று ஒரு பேச்சு இருந்ததில்லை, அவ்வளவுதான்.

வைகாசியில் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது; பேச்சும் போய்விட்டது. விழுங்குவது கஷ்டம் என்று கிளினிக்கில் நர்ஸ் மிஸ் எனக்கும் புஷ்பத்துக்கும் சொல்லிக் கொடுத்தார். நிமிர்த்தி உட்கார வைத்து, நாடியைத் தாழ்த்தி, அரைத்த கஞ்சியைச் சிறு கரண்டியால் கொடுக்க வேண்டும். பாண் வேண்டவே வேண்டாம், வாயில் உருண்டையாகித் தொண்டையை அடைக்கும். அடைத்தால் முன்னால் சாய்த்து முதுகில் உள்ளங்கையால் ஓங்கித் தட்ட வேண்டும். தட்டுவதைத் தலையணையில் செய்து காட்டச் சொன்னார். புஷ்பம் என்னைவிட நன்றாகச் செய்தாள்.

புஷ்பம் கொஸ்லந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து ஆள். மாமியாரைப் பார்த்துக்கொள்ள வந்து எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தாள். பிள்ளைகளைத் தங்கையிடம் விட்டிருந்தாள். மாதம் ஒரு தடவை தோட்டத்து லயத்து வீட்டுக்குப் போய் வருவாள்.

வீடு அமைதியாக இருந்தது. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, அந்த மாதங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். மத்தியானம் புஷ்பம் துணி துவைக்கப் போவாள். நான் மெஷினில் மாவைப் போட்டுவிட்டு மாமியார் கட்டிலருகே உட்காருவேன். மெஷின் பிசையும் சத்தத்தில் நான் பேசுவது கீழே கடைக்குக் கேட்காது. முதலில் வெயில், மழை என்று பேசினேன். பிறகு ஒருநாள் அதைச் சொன்னேன்.

கம்சலா பிறந்த பிறகு, ஒரு பேரன் வேண்டும் என்று மாமியார் வேண்டாத தெய்வமில்லை. கதிர்காமத்துக்கு நடந்தே போனார். ஒரு மண்டலம் வெறுந்தரையில் படுத்தார். அந்த வருடங்கள் முழுவதும் நான் கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். உளுந்து டின்னுக்குள் வைத்திருந்தேன். கோயிலிலிருந்து அவர் கொண்டுவந்து கொடுத்த திருநீற்றை வாயில் போட்டு, அதே தண்ணீரில் மாத்திரையையும் விழுங்கியிருக்கிறேன். இதை அவரிடம் சொன்னேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். சுவரிடம் சொன்னதுபோல் இருந்தது. இலேசாக இருந்தது. அதற்குப் பிறகு பாண் போடும் நாளெல்லாம் எதையாவது சொன்னேன்.

அவருக்குப் பேச்சுத் திரும்பும் என்று நான் நினைக்கவில்லை.

முதலில் "தண்ணி" என்றார். பிறகு "புஷ்பம்". வீரசிங்கம் குழந்தைபோல் கைதட்டினார். "இன்னும் கொஞ்ச நாள் பொறுங்க, பழையபடி வாயாடுவாங்க" என்றார் நர்ஸ் மிஸ். எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் சொல்லிவிடுவார் என்ற பயத்தில்தான் செய்தேன். இப்போதைக்கு அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று மத்தியானம் பாண் வேகும்போது, நேரம் முடியும் முன்பே மெஷினை நிறுத்தினேன். கரண்ட் போகவில்லை. நான்தான் பிளக்கைக் கழற்றினேன். ஆவி பறக்க வெட்டி, கரையை நீக்கி, நடுவிலிருந்த பிசுபிசுப்பான இடத்தைப் பிய்த்துத் தட்டில் வைத்துக் கொண்டுபோனேன்.

"என்னாங்கம்மா இது?" என்றாள் புஷ்பம். "மிஸ்ஸு பாணைக் கண்ணுலயே காட்டக் கூடாதுன்னாங்களே."

"டாக்டர் நேத்து ஃபோன்ல சரின்னுட்டாரு. மெத்துன்னு இருக்குற எடமாப் பாத்து பிச்சிருக்கேன். நீயே குடு, ஒன் கையாலன்னா சாப்பிடுவாங்க."

"நெசமாவா?" அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பெரியம்மா, பாத்தீங்களா, பாண் வந்திருச்சு. நாளைக்கு கருவாடு கேப்பீங்க, நாளன்னைக்கு என்னைய ஏச ஆரம்பிச்சிருவீங்க. எங்க, ஆ காட்டுங்க."

மாமியார் பாதி முகத்தால் சிரித்தார். வாயைத் திறந்தார். அவர் பாண் கேட்கவில்லை, மிஸ். புஷ்பம் சொன்னதால் திறந்தார்.

இரண்டாவது வாய் கொடுத்ததும் அடைத்துவிட்டது. புஷ்பம் உடனே அவரை முன்னால் சாய்த்துக் கையை ஓங்கினாள், சொல்லிக் கொடுத்ததுபோலவே. அந்தக் கையை நான் பிடித்தேன்.

"அடிக்காத. உயிர் போற நேரத்துல அடிக்கிறது பாவம். போ, ஓடிப்போய் பால் கொண்டு வா."

உயிர் பிரிகிறபோது வாயில் பால் விடுவது எங்களுக்குள் வழக்கம். பால் இறங்காமல் போனவருக்குத் தாகம் தீராது என்பார்கள். புஷ்பத்தின் தாய் செத்தபோது அவள் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். ஆள் அனுப்பி அவள் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. "எங்கம்மாவுக்கு ஒரு சொட்டு பால் விடலைங்களே" என்று என்னிடம் அழுதிருக்கிறாள். அதனால் நான் பால் என்றதும் அவள் யோசிக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். ஓடினாள். கொண்டுவந்து தந்ததும், கடைக்குப் போய் ஐயாவைக் கூப்பிடு என்று கீழே அனுப்பினேன்.

உடம்பைக் கழுவும்போது என் நாத்தனார் சிவபாக்கியம்தான் கண்டாள். வெலிமடையிலிருந்து வந்தவள், அழுது முடித்திருக்கவில்லை.

"என்னா இது, வாய்க்குள்ள மாவு மாதிரி? யாரு பாண் குடுத்தது?"

"நாந்தாங்க" என்றாள் புஷ்பம். "டாக்டரு சரின்னுட்டாருன்னு அம்மாதான்..."

"எந்த டாக்டரு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "நான் அப்படி ஒண்ணும் சொல்லலையே, புஷ்பம்" என்றேன். மிக அன்பாகத்தான் சொன்னேன். அவள் என்னிடம் சண்டைக்கு வரவில்லை. நெற்றியைச் சுருக்கி, எதையோ ஞாபகப்படுத்திப் பார்ப்பதுபோல் நின்றாள்.

"அப்ப எனக்குத்தான் வெளங்காம போச்சுங்களா?" என்று என்னையே கேட்டாள்.

சிவபாக்கியம் அவளை அறைந்தாள். நான் தடுக்கவில்லை. அதன் பிறகு உங்கள் ஆட்கள் வந்தார்கள். அவள் இப்போதும் தன்மேல்தான் பிழை என்று சொல்வதாக வீரசிங்கம் சொன்னார். அவள் என்னை ஏசியிருந்தால் நான் இங்கே வந்திருப்பேனா என்று தெரியவில்லை.

பயம் என்று எழுதச் சொன்னேன் அல்லவா, அதைத் திருத்த வேண்டும். பாண் கொடுத்ததற்கு முதல் நாள், புஷ்பம் குளிக்கப் போனபோது மாமியார் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னார்.

"மாத்திரை... நான் யாருகிட்டயும்... சொல்ல மாட்டேன். எனக்கும்... நாலோட போதும்னுதான் இருந்துச்சு. அப்ப... மாத்திரை இருக்குன்னு... யாரு சொன்னா? பாவம்... நீ."

அவர் ஏழு பெற்றவர். மூன்று தங்கவில்லை.

அவர் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்கு அது பழக்கம். இவ்வளவு காலமும் அவரைக் கல்நெஞ்சக்காரி என்று வைத்துத்தான் நான் என்னை நல்லவளாக வைத்திருந்தேன். அவர் மனசு இப்படிப்பட்டது என்றால், உளுந்து டின்னுக்கும் கட்டிலுக்கும் நடுவே அத்தனை வருடமும் நான் யாராக இருந்தேன்? மறுநாள் காலையில் அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். இரண்டு பேருக்கும் தெரிந்த ஒன்றைப் பற்றிய சிரிப்பு. அந்தச் சிரிப்போடு ஒரே வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை. காரணம் அதுதான். இதைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை.

இன்னும் ஒன்றைத் திருத்த வேண்டும். மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டே போனார், எவ்வளவு கொடுத்துவைத்தவர் என்று செத்த வீட்டில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நான்தான் அப்படிச் சொல்லியிருந்தேன். உங்களிடமுள்ள தாளிலும் அப்படித்தான் இருக்கும். ராத்திரியில் நானே அதை நினைத்து ஆறுதல் பட்டிருக்கிறேன், மன்னித்துத்தான் பிடித்தார் என்று.

பிடித்தார் என்பதை வெட்டிவிடுங்கள், மிஸ். பால் டம்ளரை இடக்கையால் தள்ளினார். அந்தக் கையைக் கட்டிலோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, மிச்சப் பாலையும் நான் விட்டேன்.