அடுக்களையில் மறைந்த அரசர்

இந்தப் பேரவையின் தலைமை இருக்கைக்குப் பெருமை சேர்க்கும் மாட்சிமை தங்கிய துவாங்கு சுல்தான் நஸ்ருல் ஷா அவர்களே! அருகே வீற்றிருக்கும் அன்னை அரசியாரே! இப்போதே என்னை முறைத்துப் பார்க்கும் முதலமைச்சர், மாண்புமிகு பெண்டஹாரா அவர்களே! பள்ளிவாசல் பெரியோர்களே! மடியில் பிள்ளையும் கையில் விசிறியுமாய் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! அனைவருக்கும் அஸ்ஸலாமு அலைக்கும்!

பேசுவது என் தொழிலல்ல, அடிப்பதுதான் என் தொழில். பயப்படாதீர்கள், அரண்மனை முரசைச் சொன்னேன்!

மற்ற நாடுகளில் மன்னர் வரிசையை எப்படிச் சொல்வார்கள்? வென்ற நாட்டைச் சொல்வார்கள், கட்டிய கோட்டையைச் சொல்வார்கள். நம் கெலாதி நாட்டில் எதைச் சொல்கிறோம்? மறைந்தவர் என்று பொருள்படும் மர்ஹூம் என்ற சொல்லோடு, மன்னரின் மூச்சு நின்ற இடத்தைச் சொல்கிறோம்! கோட்டை வாசலில் வீழ்ந்தவர் மர்ஹூம் கோத்தா. கடற்போரில் கப்பலோடு போனவர் மர்ஹூம் லாவுட். பள்ளிவாசல் தொழுகையில் நெற்றி நிலம் தொட்டபடியே அடங்கியவர் மர்ஹூம் சூராவ். பிறந்தபோது பெயர் வைத்தவர் தந்தை. இறந்தபோது பெயர் வைப்பது இந்த மண்!

பெருவெள்ளம் வந்த ஆண்டு. நம் துவாங்குவின் தந்தை சுல்தான் மஹ்ரூப் ஷா, மேட்டுப் பள்ளிக்கூடத்தில் சனங்களோடு சனமாய்த் தங்கினார். அங்கே சமையற்கட்டில் நின்று அண்டாவில் கஞ்சி கிளறும்போது நெஞ்சைப் பிடித்தார். அரசியாரின் தோளில் சாய்ந்தார். போய்விட்டார். அகப்பை கையிலேயே இருந்தது.

புதியவரை அறிவிக்காமல் பழையவரை அடக்கம் செய்யும் வழக்கம் நமக்குண்டா? இல்லை! மறைந்தவரின் பெயரைச் சொல்லாமல் புதியவரை அறிவிப்பதுண்டா? அதுவும் இல்லை! அரண்மனை மண்டபத்தில் மன்னரின் உடல் காத்திருக்கிறது. நான் முரசுக்குச்சியோடு நிற்கிறேன். வெளியே மக்கள் கூவுகிறார்கள், "மர்ஹூம் டாப்பூர்!" அடுக்களை மர்ஹூம்!

அன்றைய இளவரசரின் முகம் சிவந்தது. துவாங்கு பொறுத்தருள வேண்டும், சிவந்தது உண்மை!

"கோட்டை, கடல், பள்ளிவாசல்... அப்புறம் அடுக்களையா? பக்கத்து நாட்டுக்காரன் வயிறு வலிக்கச் சிரிப்பான், டத்தோ பெண்டஹாரா!"

"கவலைய விடுங்க துவாங்கு," என்றார் பெண்டஹாரா. "அரண்மனையிலதான் கண்ண மூடுனார்னு சொல்லிடலாம். மர்ஹூம் இஸ்தானா! கேக்கவே கம்பீரமா இல்ல?"

அரசியார் நிமிர்ந்தார். "அரண்மனையிலயா? அப்ப அவர் தலையத் தாங்கிக்கிட்டு நான் எங்கடா உக்காந்திருந்தேன்?"

"அம்மா, ஒரு பேருதானே..."

"பேருதான். உங்கப்பாவுக்குன்னு இனி மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான் நஸ்ருல். அதையும் பொய்யாக்கிட்டா மண்ணுல வைக்கப் போற?"

இளவரசர் விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தார். "டாப்பூர்னு கத்துனது யாரு?"

சேறு காயாத சாரோங்கோடு ஒரு பெண் முன்னே வந்தார். "நான்தான் துவாங்கு. அவர் கிளறுன கஞ்சியத்தான் என் பிள்ளைங்க குடிச்சுச்சு. உப்புதான் கொஞ்சம் தூக்கல்."

யார் அங்கே சிரிப்பது? சிரியுங்கள்! இளவரசரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். "அவர் கைக்கு எப்பவுமே உப்பு தூக்கல்தாம்மா," என்றார். பிறகு பெண்டஹாராவுக்காகக் காத்திராமல், ஊர் முழுதும் கேட்கத் தாமே முழங்கினார்: "மர்ஹூம் டாப்பூரின் மகன் நான்!"

அடித்தேன் முரசை! தோல் கிழிந்தாலும் கிழியட்டும் என்று அடித்தேன்!

வாளேந்தி இந்த வரிசையில் இடம் பிடித்தவர் உண்டு. கொடியேந்தி இடம் பிடித்தவர் உண்டு. அகப்பை ஏந்தி இடம் பிடித்தவர் எந்த நாட்டில் உண்டு? இந்த வம்சத்தை நான் வணங்குவது அதன் பழமைக்காகவா? பொன்முடிக்காகவா? இல்லை! கூசிய பெயரைத் தலைநிமிர்ந்து சொன்ன அந்த ஒரு கணத்துக்காக!

துவாங்கு, தாங்கள் நீடூழி வாழ வேண்டும்! ஆனால் தங்களுக்கும் ஒரு கடைசிப் பெயர் உண்டு. அதை வைக்கப் போகிறவர்கள் நாங்கள். அன்று தாங்கள் நிற்கும் இடமே தங்கள் பெயர். ஆகவே, எங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள்!

செவி கொடுத்த அனைவருக்கும் நெஞ்சில் கை வைத்து நன்றி சொல்லி விடைபெறுகிறேன். வஸ்ஸலாம்!