மலை எறங்கினா மட்டும் வர்ற சத்தம்

சாவி எங்கிட்டதான் இருக்குதுங்க. தரமாட்டேன்னா சொன்னேன். சத்தம் எங்கேருந்து வருதுன்னு பாக்கச் சொல்லித்தானே முந்தாநேத்து வண்டிய வுட்டுட்டுப் போனீங்க, அத்தக் கேட்டுட்டுப் போங்க. அப்பறம் நான் ஒன்னே ஒன்னு கேப்பேன். அதுக்கு நெஜத்த சொல்லிட்டு வண்டிய எட்த்துக்கினு போய்க்கினே இருங்க. உக்காருங்க, ஸ்டூல்ல கிரீசு இல்ல, தொடச்சிட்டேன்.

ஆமா, நாந்தான் பாத்தேன். ஷெட்டு வாசல்ல நின்னுக்கினு ஆம்பளைங்க யாரும் இல்லியான்னு கேட்டீங்களே. இல்ல. எங்கூட்டுக்காரரு போன ஆவணியோட போய்ட்டாரு. உங்களுக்குத் தெரியாததா. சாவுக்குக்கூட எட்டிப் பாக்கல நீங்க. போர்டுல காசிநாதன்னுதான் போட்டிருக்குது, ஆனா இருவது வருஷமா கார்புரேட்டர் கழுவினது யாரு, டேப்பட்டு கேப்பு வச்சது யாரு. இந்த ராணியம்மாதான். பொம்பள தொட்டான்னு தெரிஞ்சா வண்டிய எட்த்துக்கினு போயிடுவானுங்கன்னு பின்னாடி உக்கார வச்சே வேல வாங்கினாரு அந்த மனுஷன்.

சத்தத்துக்கு வரேன். அவசரப்பட்டா எப்படி.

உங்களுது எம்பத்தாறு மாடல் புல்லட்டு. பழைய இரும்பு இஞ்சினு, அது சத்தம் போட்டுக்கினுதான் இருக்கும். ஆனா ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு எடம் இருக்குது. கச்சிராயபாளையத்துல ஒருத்தன் டேப்பட்டுன்னானா. உளுந்தூர்பேட்டையில ஒருத்தன் சிலிண்டர் போர் தேஞ்சிபோச்சின்னு சொல்லி பிஸ்டனையே மாத்திட்டானா. தண்டம். டேப்பட்டா இருந்தா டிக்கு டிக்குன்னு ஒரே சீரா வரும், ஆக்சிலேட்டரு குடுக்கக் குடுக்க கூடவே ஓடியாரும். பிஸ்டன் தட்டுச்சின்னா காலைல ஸ்டார்ட் பண்ணதும் கேக்கும், சூடானா அடங்கிடும். இது ரெண்டும் இல்ல. பெரிய ஸ்குரு டிரைவர இஞ்சின்மேல வச்சி, பிடிய காதோட ஒட்டிக்கினு அரை மணி நேரம் உக்காந்தேன். உள்ள சுத்தமா இருக்குது. கார்புரேட்டர்தான் தும்முது, புஸ்ஸு புஸ்ஸுன்னு. சூடு ஜாஸ்தியாச்சின்னா டிங்கு டிங்குன்னு ஒன்னு சேந்துக்குது. பெட்ரோலு பத்தலன்னா வர்ற சத்தம் அது. டேங்குல பாத்தா பெட்ரோலு தளும்புது.

எப்ப வருதுன்னு கேட்டதுக்கு நீங்களே சொன்னீங்க. வெள்ளிமலைக்கு ஏறப்போ நல்லா போவுதாம், எறங்கி வரப்போதான் கத்துதாம். ஏத்தத்துலதாங்க இஞ்சினுக்கு வேல. எறக்கத்துல வண்டி சும்மாவே உருண்டு வந்துரும், அப்ப ஏன் கத்தணும். இத்த ஒரு மெக்கானிக்கும் உங்களக் கேக்கலியா. கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டீங்க.

கார்புரேட்டர் கிண்ணத்தக் கழட்டினா அடியில வெள்ள வெள்ளையா மாவு. பெட்ரோல் ட்யூபு ஊறி உப்பிக்கினு இருக்குது. பெட்ரோலு பட்டா அப்படி ஆவாது. ஸ்பிரிட்டு பட்டா ஆவும்.

டீ சொல்லட்டுமா. வேர்க்குதே உங்களுக்கு.

அப்பறம் டேங்க எறக்கினேன். தட்டிப் பாத்தா முன்னாடி ஒரு சத்தம், பின்னாடி ஒரு சத்தம். நடுவுல தகடு வச்சி வெல்டிங்ல பத்த வச்சிருக்குது. முன்பக்கம் பெட்ரோலு, பின்பக்கம் சரக்கு. பத்த வச்ச எடத்துல மயிரு மாதிரி விரிசலு, அது வழியா இது அதுல கசியுது. ஏறப்போ பின்பக்கம் காலி, எறங்கப்போ ரொம்பியிருக்கு, அதான் கத்துது. செக்போஸ்டுல எங்கப்பா ஓட்டின வண்டி சார்னு சொல்லி சிரிச்சிக்கினே வந்துருவ.

மரியாதையா பேசணுமா. வரமாட்டேங்குது சின்னதுர, இன்னா பண்றது. முந்தாநேத்து நீ தெரு முனைல திரும்பறப்பவே எனக்குத் தெரிஞ்சிபோச்சி இது இன்னா சத்தம்னு. சும்மா உறுதிக்குத்தான் கழட்டிப் பாத்தேன். போன ஆவணியில இதே சத்தத்தோடதானே கொண்டாந்த.

அன்னிக்கு நானு பின்னாடி செயின் கழுவிக்கினு இருந்தேன். நீ என்னப் பாத்திருக்க மாட்ட. டேங்குக்கு அடியில இன்னொரு குழா இருக்குதேன்னு எங்கூட்டுக்காரரு ட்யூப மாட்டி வாயில உறிஞ்சினாரு. பெட்ரோலு வாயில படாத மெக்கானிக்கு எவன் இருக்கான். உறிஞ்சினா துப்புவாரு. அன்னிக்குத் துப்பல. முழுங்கிட்டு உன்னப் பாத்து சிரிச்சாரு, அட, சரக்கா தம்பின்னு.

கருணாபுரத்துல கள்ளச்சாராயம் குடிச்சி அத்தினி பேரு போனப்பறம் அந்தாளு சாராயப் பாக்கெட்டு பக்கமே தலவெச்சிப் படுக்கல. தெரியாதவன் கைல வாங்கக்கூடாதுன்னு எங்கிட்டயே சொல்லுவாரு. நீ தெரிஞ்சவனாச்சே, பத்து வருஷ கஸ்டமரு. அந்த நம்பிக்கையில ஒரு பாட்டிலு புடிச்சிக்கினாரு. நீ செல்போன நோண்டிக்கினு உக்காந்திருந்த. நிமிந்து பாத்த. அப்பறம் மறுபடியும் போனத்தான் பாத்த.

மறுநா காலைல பத்து மணி. லைட்டப் போடு ராணின்னாரு. வெளிய வெயிலு கொளுத்துது. சாயந்தரம் ஆளு இல்ல. குடிகாரன் செத்தான்னு ஊரு முடிச்சிக்கினு போயிடுச்சி. எனக்கும் அந்தாளு மேலதான் முதல்ல கோவம். பாட்டிலக் கழுவி கவுத்து வச்சதும் நாந்தான், பழக்கதோஷம். அதால காட்டறதுக்கு எங்கிட்ட ஒன்னும் இல்ல.

இப்பக் கேக்கறேன். அது இன்னா சரக்குன்னு அன்னிக்கு உனக்குத் தெரியுமா, தெரியாதா. ஸ்டேஷன்ல சொல்றதுக்குக் கேக்கல. ஒரு வருஷமா இத்த நெனச்சிக்கினே கெடக்கறேன், எனக்குத் தெரியணும்.

தெரியாதா.

நல்ல சரக்குன்னுதான் நெனச்ச. எல்லாரும் குடிக்கறதுதான். அந்தாளு வேற எங்கனா குடிச்சிருப்பாரு. அம்மா மேல சத்தியமா. சரி, நம்பறேன். உன் டேங்குலேருந்து வடிச்சத எட்த்து வச்சிருக்கேன். இந்தா டம்ளரு. நல்ல சரக்குதானே, ஒரு மொடக்கு குடி. சாவிய உன் கைக்கிட்டயே வச்சிட்டேன் பாரு. குடிச்சிட்டுக் கெளம்பு.

ஏன் எழுந்துட்ட.

தள்ளிவுடாத, சிந்திடும். வாணாம்னா வுடு, யாரும் உன் வாயில ஊத்தப் போறதில்ல. கேட்டதுக்கு பதில் வந்துடுச்சி எனக்கு.

கொண்டா, நானே குடிச்சிக்கறேன். ஐய, பதறாதய்யா, எனக்கு ஒன்னும் ஆவாது. குழாத் தண்ணி இது. நீ மோந்துகூடப் பாக்கல.