நீர்நாய்கள் பார்த்த திசை

படகில் உட்கார்ந்து படம் எடுக்கிறவனுக்கு முதல் எதிரி தும்மல்தான். வெயில், காற்று, உப்புத் தண்ணீர் எல்லாவற்றுக்கும் ஏதாவது ஏற்பாடு செய்துகொள்ளலாம். தும்மலுக்கு ஒன்றும் செய்ய முடியாது. எட்டு மாதம் காத்திருந்து கண்ணில் பட்ட ஒரு நாரை ஒரே தும்மலில் பறந்து போயிருக்கிறது. அன்று நான் யாரையும் திட்டவில்லை. தும்மியது நானேதான்.

அந்தப் பதினான்கு நிமிடத்தைப் பற்றிக் கேட்டீர்கள், ஐயா. சொல்கிறேன். கொஞ்சம் சுற்றிவளைத்துத்தான் வர வேண்டும். எடுத்த எடுப்பில் சொன்னால் என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று நினைத்துவிடுவீர்கள்.

என் வேலை ஓட்டுநர் உரிமம் கொடுக்கும் அலுவலகத்தில் முகப்படம் எடுப்பது. ஒரு முக்காலி, பின்னால் வெள்ளைத் திரை, நாளுக்கு நூறு நூற்றைம்பது முகங்கள். "நேராப் பாருங்க, சிரிக்காதீங்க, அசையாதீங்க." இருபத்திரண்டு வருடமாக இதே பாட்டு. ஐந்து விநாடி சும்மா இருங்கள் என்றால் மனிதர்களுக்கு உயிர் போகிறது. அப்போதுதான் காது அரிக்கும், அப்போதுதான் காலர் ஞாபகம் வரும். அதனால்தான் விடுமுறை நாட்களில் பறவை, விலங்குகளைப் படம் எடுக்கக் கழிமுகத்துக்குப் போக ஆரம்பித்தேன்.

கயாக் என்பது ஒருவர் மட்டும் கால்நீட்டி உட்காரும் ஒடுக்கமான படகு. இடுப்பைத் திருப்பினாலே ஆடும். அதில் தனியாகப் போகக்கூடாது என்று சொன்னது என் மனைவி. "ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யாருக்குத் தெரியும்? தம்பியக் கூட்டிட்டுப் போங்க" என்றாள். அப்படித்தான் அவள் தம்பி வந்து சேர்ந்தான்.

என் மச்சினன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். நல்லவன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நீச்சல் தெரியாது. வாய் மட்டும் ஓயாது. முதல் நாள் பாதி வழியிலேயே துடுப்பைப் போட்டுவிட்டு, "மாமா, ஒரே ஒரு வார்த்தை பேசிக்கட்டுமா? உள்ளே கெடந்து புழுங்குது" என்றான். கரைக்குப் போய்ப் பேசு என்றேன். கரையேறியதும் ஒரு மணி நேரம் என்னைப் பிடித்து வைத்துக்கொண்டான். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளேயிருந்து என்னென்ன சொல்லிக் கத்துவார்கள் என்று நடித்துக்கூடக் காட்டினான்.

ஆனால் இரண்டே மாதத்தில் ஆள் மாறிவிட்டான். பிஸ்கட்டைக் கடிக்காமல் வாயில் ஊறவைத்து விழுங்கக் கற்றுக்கொண்டான். தண்ணீர்மேல் இருக்கும்வரை குசுகுசுவென்று மட்டுமே பேசுவான். நான் உள்ளங்கையைக் காட்டினால், கண்ணில் கொசு உட்கார்ந்தாலும் அசையமாட்டான். என்னிடம் வந்து உட்கார்ந்துபோன அத்தனை ஆயிரம் பேரில் யாரும் அப்படி இருந்ததில்லை. அவன்மேல் எனக்கு உண்மையிலேயே பிரியம் வந்தது.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு சத்தம். மிதவை உடுப்பு, அதாவது லைஃப் ஜாக்கெட். துடுப்பு போடும்போதெல்லாம் உள்ளே இருக்கும் நுரைப்பலகைகள் ஒன்றோடொன்று உரசிக் கறகறவென்று சத்தம் போடும். நமக்குப் பெரிதாகத் தெரியாது. நீர்நாய்க்குத் தெரியும். மூன்று வருடமாக நான் அந்தக் கழிமுகத்தில் நீர்நாய்களைத் தேடிக்கொண்டிருந்தேன். சேற்றில் தடம் பார்த்திருக்கிறேன், மீன் தலைகளைப் பார்த்திருக்கிறேன், ஒரு தடவைகூட முகத்தைப் பார்த்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் இரண்டு உடுப்புகளையும் விரித்துப்போட்டேன். தையலைப் பிரித்து, பலகைகளை எடுத்துவிட்டு, ஒரு பழைய மெத்தையின் பஞ்சை அடைத்துத் திரும்பத் தைத்தேன். ஊசி எடுத்துக் கொடுத்தது என் மனைவிதான். கிழிசலைத் தைக்கிறேன் என்று சொல்லியிருந்தேன். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. என் உடுப்பிலும் அதைத்தான் செய்தேன் என்பதைக் கவனிக்க வேண்டும். எனக்கு நீந்தத் தெரியும் என்பது வேறு விஷயம்.

அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் பயப்படுவான். பயந்தவன் அசைவான்.

அதன் பிறகு ஆறு தடவை போனோம். ஒரு சத்தம் இல்லை. ஏழாவது தடவை காலை ஏழரை மணி இருக்கும். கடல்நீர் வற்றிக்கொண்டிருந்தது, கால்வாயில் இழுப்பு ஆரம்பித்திருந்தது. அவன் எனக்கு முன்னால், பன்னிரண்டு தடவை துடுப்பு போட்டால் எட்டும் தூரத்தில் இருந்தான். நீர்நாய்களை முதலில் பார்த்தது அவன்தான். தாய் ஒன்று, குட்டிகள் இரண்டு, எதிர்ச் சேற்றுமேட்டின் ஓரத்தில். எனக்குக் காட்ட வேண்டும் என்ற ஆசையில் இடுப்போடு திரும்பினான். படகு கவிழ்ந்தது.

மூன்றும் தண்ணீருக்குள் மறைந்துவிட்டன. போச்சு, மூன்று வருடம் மண்ணாய்ப் போச்சு என்றுதான் முதலில் நினைத்தேன். அவனைப் பற்றி அடுத்ததாக நினைத்தேன். அவன் கவிழ்ந்த படகின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தான். தலை வெளியே நன்றாகத் தெரிந்தது. துடுப்பைக் கையில் எடுத்துவிட்டேன். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

அப்போது அவை திரும்பி வந்தன. நீர்நாய்க்கு வேடிக்கை பார்க்கும் குணம் உண்டு. சேற்றுமேட்டில் ஏறி, மூன்றும் பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்று, தண்ணீரில் தத்தளிப்பது என்ன என்று பார்த்தன. காலை வெளிச்சம் நேராக முகத்தில். மூன்றும் ஒரே திசையில். முக்காலியில் உட்காரவைத்துச் சொன்னால்கூட அப்படி நிற்காது.

துடுப்பை மடியில் வைத்துவிட்டுக் கேமராவை எடுத்தேன்.

"மாமா" என்று கூப்பிட்டான். கத்தவில்லை. நீங்கள் இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். மேட்டுக்கு அந்தப் பக்கம் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் ஏன் ஒன்றும் கேட்கவில்லை என்கிறீர்கள். அவன் குசுகுசுவென்றுதான் கூப்பிட்டான், ஐயா. அப்படித்தான் பழகியிருந்தான். "மாமா, உடுப்பு கனக்குது" என்றான்.

உள்ளங்கையைக் காட்டினேன். அவன் கழுத்தை மட்டும் திருப்பி நீர்நாய்களைப் பார்த்தான். புரிந்துகொண்டான். உடுப்பு தன்னைத் தாங்கும் என்று நம்பியிருப்பான். கால் அடிப்பதைக்கூட நிறுத்திவிட்டான். அதன் பிறகு என்னைக் கூப்பிடவில்லை.

பஞ்சு உடனே ஊறாது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊறும், ஊற ஊறக் கனத்து ஆளைக் கீழே இழுக்கும். கேமராவில் ஒவ்வொரு படத்துக்கும் நேரம் பதிவாகியிருக்கிறது, இருநூற்றுப் பன்னிரண்டு படங்கள், முதலுக்கும் கடைசிக்கும் நடுவில் பதினான்கு நிமிடம். மறைக்க நினைத்திருந்தால் அழித்திருப்பேன். கேமராக் கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டிருந்ததால் எந்த நிமிடத்தில் என்று சொல்ல முடியவில்லை. நூற்று எழுபதாவது படத்துக்குப் பிறகு தாயின் பார்வை மெல்லக் கீழே இறங்குகிறது. நூற்றுத் தொண்ணூற்றில் குட்டிகள் வேறு பக்கம் பார்க்கின்றன. அதை வைத்து நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அவை போன பிறகு நான் போனேன். படகு மட்டும் இருந்தது. கால்வாய் வளைவுக்குப் பின்னால் இருந்தேன், ஒன்றும் பார்க்கவில்லை என்று முதல் நாள் உங்களிடம் சொன்னது பொய். பன்னிரண்டு துடுப்புத் தூரத்தில் இருந்தேன். உடுப்பில் என்ன இருந்தது என்று தெரிந்துகொண்டேதான் உட்கார்ந்திருந்தேன். என்னால்தான் செத்தான். இதில் கையெழுத்துப் போடுகிறேன்.

அழவில்லையே என்று உங்கள் உதவியாளர் கேட்டார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. தோன்றும் என்று காத்திருக்கிறேன். காத்திருப்பது எனக்குக் கைவந்த விஷயம்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. உடலைக் கொண்டுவந்த அன்று என் மனைவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா என்ன சொன்னான்? ஏதாவது சொன்னானா?" என்று கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அது தப்பு. அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், நான் சொன்னால் கேட்கமாட்டாள். நான் உள்ளங்கையைக் காட்டியதும் அவன் "சரி மாமா" என்றான். அவன் சம்மதித்த பிறகுதான் நான் முதல் படத்தையே எடுத்தேன்.