பயமுறுத்தும் சொற்களின் இழுப்பறை

அட்டைகளை அகரவரிசையில் அடுக்கிவிட்டுப் படுத்தால் எனக்கு நல்ல தூக்கம் வரும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் எப்படிப்பட்ட ஆள் என்பது முதலிலேயே உங்களுக்குத் தெரிந்துவிட வேண்டும். நான் எந்த வம்புதும்புக்கும் போகாதவன். பஸ்ஸில் யாராவது என் காலை மிதித்தால்கூட மன்னிப்புக் கேட்பது நான்தான். ஐயா, நீங்கள் இந்தப் பதிப்பகத்தின் முதலாளி. நடந்ததை ஒளிக்காமல் எழுதிக்கொடு என்று வெள்ளைத்தாளை நீட்டியிருக்கிறீர்கள். ஒளிக்க என்ன இருக்கிறது, எழுதுகிறேன்.

நம் ஆங்கிலம் - தமிழ் அகராதியின் பழைய பதிப்பு பட்ட பாடு உங்களுக்கு நினைவிருக்கும். எடுத்துக்காட்டு வாக்கியங்களை யாரோ வாய்க்கு வந்தபடி எழுதிவைத்திருந்தார்கள். மன்னிப்பதற்கான ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே 'தையல்காரர் யானையை மன்னித்தார்' என்று இருந்தது. ஒரு பத்திரிகைக்காரர் அதை எடுத்துப் போட்டு நம் மானத்தை வாங்கினார். அப்போதுதான் தலைமைப் பதிப்பாசிரியர் மேடம் சட்டம் போட்டார். புதிய பதிப்பில் கற்பனை வாக்கியம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. கண்ணால் பார்த்தது மட்டும்தான் அட்டையில் ஏறும். என்ன சொல், யாருக்கு நடந்தது, எங்கே, எந்தத் தேதி, அடியில் சாட்சியின் கையெழுத்து. ஒன்று குறைந்தாலும் அட்டை திரும்பி வந்துவிடும்.

வேலையில் தற்காலிக ஆட்கள் இரண்டு பேர். ஒருவன் நான். இன்னொருவரை ஆபீசில் எல்லோரும் கமா என்று கூப்பிடுவார்கள். எழுத்தில் கண்ட இடத்தில் கமா போடுவார், பேசும்போதும் நின்று நின்றுதான் பேசுவார். ஏழு வருடமாக எதிரெதிர் மேசை. என்னை அண்ணே என்றுதான் அழைப்பார். நிரந்தர வேலை ஒன்றே ஒன்று காலியாக இருந்தது. மாதக் கடைசி நாள் மாலை ஐந்து மணிக்குள் யார் தன் இழுப்பறையில் உள்ள சொற்களுக்கெல்லாம் ஒழுங்காக அட்டை எழுதி முடிக்கிறாரோ அவருக்கு அது என்று மேடம் அறிவித்தார்.

கமாவுக்கு அந்த வேலை மிகவும் தேவை என்பதை நான் மறுக்கவில்லை. மனைவி, இரண்டு பெண் குழந்தைகளோடு மாமியார் வீட்டில் ஒரே அறையில் இருந்தார். மாமியார் அவரை 'டெம்பரரி மாப்பிள்ளை' என்றுதான் கூப்பிடுவாராம். வேலை நிரந்தரமான மறுவாரமே தனிக்குடித்தனம் என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். எனக்கு அப்படி எந்தத் தேவையும் இல்லை. தனிக்கட்டை. எனக்கு அகராதி நன்றாக வந்தால் போதும்.

இழுப்பறைகளைப் பிரித்ததில்தான் கோளாறு. சமையலறைச் சொற்கள் கமாவுக்குப் போயின. கொதிப்பது, கிளறுவது, கருகுவது. மாமியாரின் அடுப்படி வாசலில் அட்டைக் கட்டோடு உட்கார்ந்தால் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நாற்பது அட்டை. எனக்கு வந்தது, பிறரைப் பயமுறுத்துவதற்கான சொற்கள். வெள்ளைக்காரர்கள் அதற்கு இத்தனை சொல் வைத்திருப்பார்கள் என்று நான் நினைக்கவே இல்லை. திடுக்கிட வைப்பதற்கு ஒன்று, கவலைப்படவைத்துப் பயமுறுத்த ஒன்று, ஆளைக் காட்டி மிரட்ட ஒன்று, ஈரக்குலை நடுங்கவைக்க ஒன்று.

முதல் பத்து நாள் நேர்மையாகத்தான் காத்திருந்தேன். பல் டாக்டர் வாசலில் நின்றேன். வந்தவர்கள் எல்லோரும் வீட்டிலேயே பயந்து முடித்துவிட்டு வந்திருந்தார்கள். பயமுறுத்தும் காட்சி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பதினோராவது நாள் கமா அறுபதாவது அட்டையைக் கட்டிவைத்துவிட்டு, "உங்களுக்கு எத்தனை அண்ணே ஆச்சு?" என்று பாசத்தோடு கேட்டார். அப்போது என் கையில் பெரிய அகராதியின் இரண்டாம் தொகுதி இருந்தது. நாலு கிலோ இருக்கும். அவர் திரும்பியதும் அதை அவருக்குப் பின்னால் கீழே விட்டேன்.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. டீ முழுவதும் சட்டையில். என்ன சுத்தமான திடுக்கிடல் என்கிறீர்கள். 'ஸ்டார்ட்டில்' என்று அட்டையில் எழுதினேன், பியூன் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். சட்டையைத் துடைக்க என் கைக்குட்டையையும் கொடுத்தேன்.

அடுத்தது 'அலார்ம்', ஆபத்து வருகிறதோ என்று கவலைப்படவைப்பது. கமாவின் மேசைக்கு மேலே சுவரில் மயிரிழை அளவு விரிசல் ஒன்று இருந்தது. அதன் நுனியில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினேன். மறுநாள் அந்த விரிசலைக் கறுப்புப் பேனாவால் ஒரு விரல் அளவு நீட்டி, புதுத் தேதி போட்டேன். நாலாவது நாள் கமா தானாகவே கவனித்தார். அன்றைக்கு மேசையை ஜன்னல் பக்கம் இழுத்தார், மறுநாள் கதவுப் பக்கம், அதற்கடுத்த நாள் வராந்தாவுக்கே போய்விட்டார். வெயிலில் உட்கார்ந்து கிளறுவதையும் வதக்குவதையும் எழுதினார். அவருடைய வேகம் பாதியாகக் குறைந்தது. அது என் நோக்கம் இல்லை, பக்கவிளைவு.

'இன்டிமிடேட்' என்பது ஆள் பலத்தைக் காட்டி மிரட்டுவது. எங்கள் தெருவில் ஜிம் மாஸ்டர் ஒருவர் இருக்கிறார், கதவை மறைத்து நின்றால் வெளிச்சம் உள்ளே வராது. அவருடைய மகனின் விண்ணப்பத்தை நான் திருத்திக் கொடுத்தேன். பதிலுக்கு அவர் மூன்று நாள் மாலையில் ஆபீஸ் வாசலில் நின்று பேப்பர் படித்தார், அவ்வளவுதான். பத்திரத்தில் தப்பாகத் திருத்தியதால் வீட்டை இழந்தவர் ஒருவர் யாரையோ தேடுகிறாராம் என்று நான் கமாவிடம் பொதுவாகச் சொல்லிவைத்திருந்தேன். கமா அப்போது ஓய்வு நேரத்தில் பத்திர எழுத்தருக்குத் திருத்தம் பார்த்துக்கொடுப்பார். முகம் வெளுத்து, பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்து வீட்டுக்குப் போனார். மூன்றாவது நாள் பேன்ட் கிழிந்தது. மாஸ்டர் அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, பாவம், பேப்பரைத்தான் படித்தார்.

பிறகு 'டெரிஃபை', ஈரக்குலை நடுங்கவைப்பது. இதற்குச் சில்லறை வேலையெல்லாம் பத்தாது. நிரந்தர வேலைக்கு இருவரும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டியிருந்தது. ஊசியைப் பார்த்ததுமே கமா மயங்கி என் மேல் சாய்ந்தார். லேப் பக்கமே இனி வரமாட்டேன் என்றார். "ரிப்போர்ட்டை நீங்களே வாங்கிப் பாருங்கண்ணே. உங்க வாயால சொன்னாத்தான் எனக்குத் தைரியம்" என்றார். வாங்கிப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அந்தச் சர்க்கரை அளவுக்கு நான் கொடுத்துவைக்கவில்லை.

பூட்டிய அறையில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, இன்னும் மூன்று மாதம்தான் இருப்பீர்கள் என்று சொன்னேன். நோயின் பெயரைச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. வேறு டாக்டரிடம் அலைந்து வீணாக ஊசி குத்திக்கொள்ள வேண்டாம், வலியில்லாமல் உயிர் போய்விடும் என்று லேபில் சொன்னதாகவும் சேர்த்துக்கொண்டேன். அவருக்குக் கைகால் வெலவெலத்துப் போனது. பல் கிட்டிக்கொண்டது. கண்ணாடிக் கதவு வழியே பார்த்திருந்த பியூன் கையெழுத்துப் போட்டார். உள்ளே என்ன பேசினோம் என்பது அவருக்குத் தெரியாது. அன்று கமாவை ஆட்டோவில் ஏற்றிவிட்டதும் நான்தான், கூலியும் என் கையிலிருந்து.

இப்போது ஒரே ஒரு சொல் பாக்கி. 'பெட்ரிஃபை'. பயத்தில் ஆளை அப்படியே கல்லாக்கிவிடுவது. மாதக் கடைசிக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. இங்கேதான் என் கணக்கு தப்பியது.

கமா மறுநாள் தலையை நிமிர்த்திக்கொண்டு வந்தார். முந்தின இரவே மாமியாரிடம், "டெம்பரரி நான் இல்லைம்மா, நீங்கதான். இந்த வீட்ல உங்க வாய் மட்டும்தான் பெர்மனென்ட்" என்று சொல்லிவிட்டாராம். வாசலில் நான் மறுபடி நிற்கச் சொல்லியிருந்த ஜிம் மாஸ்டரைப் பார்த்து, பேப்பர் படித்து முடித்ததும் எனக்குக் கொடுங்கள் என்றார். மேசையைப் பழைய இடத்துக்கே, விரிசலுக்கு நேர்கீழே இழுத்துப் போட்டார். நான் அகராதியை இரண்டு முறை கீழே போட்டேன். திரும்பிப் பார்க்காமல், "கால்ல விழுந்துடப் போகுதுண்ணே" என்றார். ஒரு மனிதரை நம்பி ஒரு வேலையைத் தொடங்கினால் இப்படித்தான் கழுத்தறுப்பார்கள்.

அன்று மதியம் மாடி ஏறி மேடத்தின் அறைக்கே போனார். ஏழு வருடமாக விழுங்கிவைத்ததையெல்லாம் கொட்டினார். மேடம் அறையில் மட்டும் ஃபேன் ஓடுவது, அட்டையைத் தூக்கி எறிவது, ஒரு நாள்கூட நன்றி சொல்லாதது, எல்லாவற்றையும் நிறுத்தாமல் சொன்னார். கீழே வந்து, மிச்சமிருக்கும் நாளைப் பிள்ளைகளோடு கழிக்கப் போவதாக ராஜினாமாக் கடிதம் எழுதினார். "நீங்களே கொடுத்துடுங்கண்ணே. இன்னொரு தடவை அந்த மாடி ஏற எனக்கு நேரம் இல்ல" என்று என்னிடம் நீட்டினார். மாதம் முடியும்வரை அட்டைகளை மட்டும் முடித்துத் தருவதாகச் சொன்னார். கடிதத்தை என் பையில் வைத்தேன். கொடுக்க நேரம் வாய்க்கவில்லை.

மறுநாள் மேடம் என்னைக் கூப்பிட்டார். கமா திட்டியதில் கோபமாக இருப்பார் என்று ஆறுதல் சொல்லப் போனேன். மேடம் சிரித்துக்கொண்டிருந்தார். "ஏழு வருஷமா இந்த மனுஷன் வாயைத் திறப்பாரான்னு பார்த்துக்கிட்டிருந்தேன். அந்த வேலையை அவருக்கே குடுத்துடலாம்னு இருக்கேன். கடைசி நாள் வரைக்கும் வெளிய சொல்லாதீங்க" என்றார். நான் சொல்லவில்லை. ரகசியம் காப்பதில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

கடைசி நாள் வந்தது. மணி நாலரை. என் இழுப்பறையில் ஒரே ஓர் அட்டை வெறுமையாக இருந்தது. கமா தன் சாமான்களைப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். சாகப்போகிற மனிதரை எதைச் சொல்லிப் பயமுறுத்துவது என்று யோசித்தேன். பிறகுதான் புத்திக்கு எட்டியது. அசல் ரிப்போர்ட்டை எடுத்து அவர் முன்னால் வைத்து உண்மையைச் சொன்னேன். உங்களுக்கு ஒன்றும் இல்லை, எண்பது வயதுவரை தாராளமாக இருப்பீர்கள் என்றேன்.

ஐயா, உயிர் திரும்பக் கிடைத்தது என்று சொன்னதற்கு ஒரு மனிதர் அப்படி ஆவார் என்று நானே எதிர்பார்க்கவில்லை. பைக்குள் போன கை பைக்குள்ளேயே நின்றது. வாய் பாதி திறந்தபடி நின்றது. கண் இமைக்கவில்லை. மாடியில் மேடம், வீட்டில் மாமியார், இன்னும் நாற்பது வருடம். அத்தனையும் அந்த முகத்தில் வரிசையாக வந்ததை நான் பார்த்தேன். அகராதிக்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

பியூன் அன்று அரை நாள் லீவு. சாட்சிக்கு ஆள் இல்லை. அதனால் பேனாவைக் கமாவின் இன்னொரு கை விரலிலேயே வைத்தேன். அவரும் பழக்க தோஷத்தில் கையெழுத்துப் போட்டார். நடந்தவரும் சாட்சியும் ஒரே ஆளாக இருக்கிறாரே என்று மேடம் மறுநாள் கேட்டதில்தான் இந்த விசாரணையே வந்தது. அந்த ஒரு விஷயத்தில் நான் விதியை மீறினேன், ஒப்புக்கொள்கிறேன். மற்றபடி வேலைக்கு ஆசைப்பட்டு எதையும் செய்யவில்லை. எல்லாம் அகராதிக்காகத்தான்.

அவர் எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று கேட்டீர்கள். பத்து நிமிடம் இருக்கும். பிறகு மெல்ல உதடு அசைந்தது.

"அந்த லெட்டரு... குடுத்துட்டீங்களாண்ணே?"

அப்போது மணி ஐந்தாக எட்டு நிமிடம் இருந்தது. என் இழுப்பறை முடிந்துவிட்டது. எழுத வேண்டிய சொல் ஒன்றும் பாக்கி இல்லை. அவருடைய கடிதம் என் பையில், ஒட்டிய உறை பிரிக்காமல் இருந்தது.

"அன்னைக்கே குடுத்துட்டேனே" என்று சொல்லிவிட்டு, மாடி ஏறிப் போய்க் கொடுத்தேன்.